வராமல் போனவரையும் எண்ணுங்கள்: வன்னியில் போதைச் சிகிச்சையின் தரத்தை அளக்கும் வழி

குடிக்கும் போதைக்கும் சிகிச்சை கொடுக்கிற எந்த இடத்திலும் போய் "எப்படிப் போகுது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். இந்த மாதம் இத்தனை பேரைப் பார்த்தோம், பாடசாலைகளில் இத்தனை விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தோம். வேலை நடந்தது என்பதற்கு இரண்டும் சாட்சி, சரி. ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரே ஒரு தடவை இருந்து கதைத்துவிட்டுப் போன மனிதர் இப்போது குடிக்கிறாரா, நித்திரை கொள்கிறாரா, உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்டால் அந்த எண்களில் பதில் கிடையாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் சின்னதாக ஒரு மனநலக் கிளினிக்கையோ உளவளத்துணை நிலையத்தையோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி இல்லை, ஆள் போதாது, டொக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார் என்ற நிலையிலும் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை தேடி அலைகிறவர்களுக்கும் பின்பக்கம் ஒரு பகுதி இருக்கிறது.

ஒரு சீ.ஆர். கொப்பி போதும்

முதலில் வேண்டியது ஒரு பதிவேடு. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் சேர்த்துக் கோடு போடுங்கள். தொடர் இலக்கம், முதல் வந்த திகதி, யார் அனுப்பியது (தானாக, வீட்டார், வார்ட், நீதிமன்றம், கிராம அலுவலர்), என்ன பாவிக்கிறார், கடைசியாகப் பாவித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததா, தொலைபேசி எண் இரண்டு, அடுத்த திகதி, அன்றைக்கு வந்தாரா. இவ்வளவுதான். இதற்கு மேல் நிரல் போட்டால் மூன்றாம் வாரமே பாதி வெறுமையாகக் கிடக்கும்.

இதில் ஒரே ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது: ஆள் வாசலுக்குள் வந்தவுடன் அவருக்கு ஒரு வரி எழுதப்பட வேண்டும். டொக்டரைப் பார்க்கும் வரை காத்திருக்க ஏலாமல் எழும்பிப் போனாலும் அந்த வரி இருக்கும். கணவன் வரமாட்டேன் என்று நிற்க மனைவி மட்டும் தனியாக வந்து அழுதுவிட்டுப் போனாலும் ஒரு வரி. ஏனென்றால் பிறகு கணக்குப் பார்க்கும்போது கீழே பிரிக்கிற எண் இந்த வரிகளின் மொத்தம்தான். அதில் ஆளைக் குறைத்தால் மற்ற எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு மாதத்தில் 20 பேர் புதிதாக வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து 7 பேர்தான் இன்னும் வருகிறார்கள், அந்த 7 பேரில் 6 பேர் குடியை விட்டிருக்கிறார்கள். அறிக்கை எழுதுகிறவர் 7-க்கு 6 என்று பிரித்து 86 சதவீதம் வெற்றி என்று போடுவார், கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். 20-க்கு 6 என்று பிரித்தால் 30 சதவீதம். மிச்ச 13 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க அந்த 86-இல் இடமே இல்லை. எனக்கு ஒரு நிலையத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நான் அந்த 13 பேரைப் பற்றித்தான் கேட்பேன்.

தொலைபேசி எண் எடுப்பதில் கொஞ்சம் மினக்கெடுங்கள். எங்கள் சனம் சிம் மாற்றுவது அடிக்கடி நடக்கிற காரியம். ஆளுடைய எண்ணோடு மனைவி, அக்கா, ஒன்றுவிட்ட தம்பி என்று மாறாத ஒருவருடைய எண்ணும் வேண்டும். எண்ணை எழுதும்போதே, "நாங்கள் எடுக்கேக்கை வேறை ஆள் எடுத்தால் என்ன சொல்லட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். "கிளினிக் என்று மட்டும் சொல்லுங்கோ, என்ன கிளினிக் என்று சொல்லாதேங்கோ" என்பார் ஒருவர். "அம்மாவுக்குத் தெரியும், மனிசிக்குத் தெரியாது" என்பார் இன்னொருவர். அதை அப்படியே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மாதம் நாலு எண்

முதலாவது, காத்திருப்பு. உதவி வேண்டும் என்று கேட்ட நாளுக்கும் யாராவது ஒருவர் இருத்தி ஒழுங்காகக் கதைத்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள். விடவேண்டும் என்ற எண்ணம் ஒரு மனிதருக்கு வருவதே பெரும்பாடு, சண்டை நடந்த மறுநாளோ பிள்ளை அழுத மறுநாளோ வரும், அடுத்த மாதம் 17-ஆம் திகதி வாங்கோ என்று துண்டு கொடுத்தால் அந்த எண்ணம் அதுவரைக்கும் நிற்காது.

இரண்டாவதும் மூன்றாவதும் அமெரிக்காவில் காப்புறுதித் திட்டங்களின் தரத்தை மதிப்பிடுகிற என்.சி.கியூ.ஏ. அமைப்பு பல வருடமாகப் பாவித்துவரும் இரண்டு அளவுகள். பிரச்சினை இன்னதென்று கண்டுபிடித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் சிகிச்சை தொடங்கியதா என்பது ஒன்று. தொடங்கிய பிறகு 34 நாளுக்குள் இன்னும் இரண்டு தடவையாவது சிகிச்சை கிடைத்ததா என்பது மற்றது. அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குச் செய்ததை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் கணக்கைப் போட்ட உடனே எங்கள் இடத்தின் ஓட்டை ஒன்று பளிச்சென்று தெரியும் என்பதால்தான். கிளினிக் மாதத்துக்கு ஒருக்கால் என்றால் 34 நாளில் இரண்டு தடவை வர கலண்டரே விடாது! நோயாளி அக்கறையில்லாதவர், சொன்ன பேச்சுக் கேளாதவர் என்று நாங்கள் குறை சொல்லிக்கொண்டிருப்போம், திகதி போட்டது நாங்கள். டொக்டர் வராத கிழமைகளில் தாதியோ உளவளத்துணையாளரோ அரை மணித்தியாலம் பார்ப்பது, சமூக உளநலத் தாதி வீட்டுக்குப் போய்வருவது, அதுவும் முடியாவிட்டால் ஒழுங்காகத் திகதி குறித்து எடுக்கிற ஒரு போன், இவற்றையும் ஒரு சந்திப்பாக எடுக்கலாம். ஆனால் அதில் உண்மையாகவே பத்து நிமிடமாவது கதைத்திருக்க வேண்டும்.

நாலாவது, 90 நாள். மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையால் பலன் மட்டுப்பட்டதுதான் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் தன் சிகிச்சைக் கோட்பாடுகளில் எழுதியிருக்கிறது. இரண்டு கிழமை உள்ளே வைத்து உடம்பைச் சுத்தம் பண்ணி அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிற எல்லோரும் அதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும், மூன்று மாதத்துக்கு முந்திய மாதத்தில் புதிதாக வந்த அத்தனை பேரையும் எடுத்து, இன்னும் தொடர்பில் இருப்பவர் எத்தனை, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். கார்த்திகையில் வந்தவர்களை மாசியில், மார்கழியில் வந்தவர்களைப் பங்குனியில்.

"எப்படி இருக்கிறார்" என்பதை எப்படி எழுதுவது

குடிக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஓடிட் வினாக்கொத்து இருக்கிறது. பத்துக் கேள்வி, புள்ளி 0 முதல் 40 வரை. 8 வந்தால் கவனிக்க வேண்டிய குடி, 20 அல்லது அதற்கு மேலே வந்தால் அடிமைநிலை இருக்கக்கூடும், முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். மற்றப் போதைப்பொருள்களையும் சேர்த்துப் பார்க்க அதே ஸ்தாபனத்தின் அசிஸ்ட் இருக்கிறது. இவை முதல் நாள் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று பார்க்கத்தான் உதவும். ஓடிட்டின் பல கேள்விகள் ஒரு வருடத்தைப் பற்றிக் கேட்பவை, அதனால் மாதா மாதம் அதையே கேட்டு முன்னேற்றம் தெரியவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

மாதா மாதம் கேட்க வேண்டியது எளிது. போன 28 நாளில் எத்தனை நாள் பாவித்தீர்கள்? பாவித்த நாளில் எவ்வளவு? எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்? நித்திரை எப்படி? உடம்பு நோ எப்படி? வீட்டில் சண்டை? சாகவேண்டும் போல யோசனை வந்ததா? கடைசிக் கேள்விக்கு ஓம் என்று பதில் வந்தால் அளவெடுப்பு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அன்றைக்கே, ஆளைத் தனியே விடாமல், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரவு நேரத்துக்கு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எல்லோருடைய கிளினிக் கொப்பியிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நித்திரையையும் நோவையும் ஏன் சேர்த்தேன் என்றால், வன்னியில் இந்த இரண்டையும் கேட்காமல் குடியைப் பற்றிக் கதைக்கவே முடியாது. உடம்புக்குள் இன்னும் செல் துண்டோடு இருப்பவர்கள், கால் இல்லாமல் வயல் வரம்பில் நடப்பவர்கள், கண்ணை மூடினால் 2009 வந்துவிடுகிறது என்பதால் இரவு ஒரு கால் போத்தல் இல்லாமல் படுக்காதவர்கள், இவர்களுக்குக் குடி குறைந்து நித்திரை திரும்பாவிட்டால் அந்த முன்னேற்றம் ஒரு மாதம்கூட நிற்காது. எண்ணில் குடி நாள் 28-இலிருந்து 10-க்கு இறங்கி, நித்திரையும் நோவும் அப்படியே இருந்தால் அடுத்த மாதத்துக்கான எச்சரிக்கையாக அதை எடுங்கள்.

அளவு கேட்பதில் ஒரு சிக்கல். உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு 'அளவு' என்று சொல்வது 10 கிராம் மதுசாரத்தை. 33 சதவீதச் சாராயம் 180 மில்லிலீற்றர் கால் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 47 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து அளவு. லேபல் உள்ள போத்தலுக்கு இப்படிக் கணக்குப் போடலாம். களவாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு முடியாது, ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் ஒவ்வொரு காரம். கள்ளும் இறக்கிய நேரத்தைப் பொறுத்து மாறும். அங்கே கிராமைத் தேடி மினக்கெடாமல் நாளையும் போத்தலையும் மட்டும் எழுதுங்கள், அதே ஆளை அதே முறையில் திரும்பத் திரும்பக் கேட்டால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

28 நாளை ஒரேயடியாகக் கேட்டால் "இடைக்கிடை" என்றுதான் பதில் வரும். சுவர்க் கலண்டரைக் கழற்றி மேசையில் வையுங்கள். அரிவு வெட்டுக்குக் கூலி கிடைத்தது என்றைக்கு, வற்றாப்பளைப் பொங்கல் என்றைக்கு, மச்சானுடைய வீடு குடிபூரல் என்றைக்கு, கடலுக்குப் போகாமல் வாடியில் இருந்தது எந்தக் கிழமை என்று நாளைப் பிடித்துக்கொண்டு போனால் மனிதர் தானாகவே விரலை வைத்து எண்ணத் தொடங்குவார். "ஐயா, நான் மூண்டு நாள் என்டு நினைச்சன், இது ஒன்பது வருது." அப்படி அவரே எண்ணிக் கண்டுபிடிப்பதில் பாதிச் சிகிச்சை முடிந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, கேட்கிற ஆள். ஆறு கிழமை கூட இருந்து கதைத்த உளவளத்துணையாளரே "எப்படி, விட்டிட்டீங்களா?" என்று கேட்டால் அவரைக் கவலைப்படுத்த மனமில்லாமல் "ஓம் அக்கா, விட்டிட்டன்" என்றுதான் வரும். மரியாதை தெரிந்த சனம். அதனால் 90-ஆம் நாள் கேள்விகளை வேறொருவர் கேட்கட்டும். மனைவியிடம் கேட்பதென்றால் கணவன் பக்கத்தில் இல்லாதபோது, மனைவியின் சம்மதத்தோடு. அவர் சொன்னதைக் கொண்டுபோய்க் கணவனிடம் போட்டுக்கொடுத்தால் அன்றிரவு அடி விழுவது அவருக்கு.

சிறுநீர்ப் பரிசோதனை வைத்திருக்கிற இடங்கள் அதையே தரத்தின் அளவுகோலாக எடுப்பது உண்டு. ஐஸும் (மெத்தாம்பெட்டமின்) ஹெரோயினும் பொதுவாக இரண்டு மூன்று நாள்தான் சிறுநீரில் தெரியும், அடிக்கடி கஞ்சா பாவிப்பவருக்கு வாரக்கணக்கில் தெரியும். கிளினிக் திகதி தெரிந்தவர் அதற்கு முந்திய மூன்று நாள் மட்டும் விட்டுவிட்டு வரலாம். பிடிபட்டால் வெளியே அனுப்புவோம் என்று அதை வைத்து மிரட்டினால் பாவித்தவர் வரவே மாட்டார், உங்கள் பரிசோதனை எல்லாம் 'சுத்தம்' என்று காட்டும். ஐஸுக்கு இதுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து என்று ஒன்று இல்லை. நல்ல சான்று உள்ள முறை, பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு பரிசு கொடுப்பதுதான், போனுக்கு ரீலோட் போட்டுக்கொடுத்தாலும் போதும். சுத்தமாக வராவிட்டால் பரிசு மட்டும் இல்லை, பேச்சும் திட்டும் இல்லை, அடுத்த தடவை மறுபடி.

உயிர் போகிற இடம்

எவெடிஸ் டொனபெடியன் என்ற வைத்தியர் 1966-இல் மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு (என்ன இருக்கிறது), செயல்முறை (என்ன செய்தார்கள்), விளைவு (ஆள் என்ன ஆனார்) என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இதுவரை எழுதியதில் பாதிக்கு மேல் விளைவு. ஆனால் ஒரு விஷயத்தில் விளைவு வரும்வரை காத்திருந்தால் ஆள் இருக்கமாட்டார், செயல்முறையைத்தான் பார்க்க வேண்டும். அது குடியைத் திடீரென்று நிறுத்தும் நேரம்.

பல வருடம் தினமும் குடித்தவர் மாலை போட்டார், நேர்த்தி வைத்தார், ரிமாண்டில் போட்டார்கள், காய்ச்சலுக்கு வார்ட்டில் படுத்தார் என்று ஏதோ ஒரு காரணத்தால் சடாரென்று நிறுத்தினால், 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை, ஆள் இடம் தெரியாமல் பிதற்றி, இல்லாததைக் கண்டு பயந்து, காய்ச்சலடித்து, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். ஊரில் இதைப் பேய் பிடித்தது என்று சொல்லிக் கட்டிவைத்த கதைகள் இன்னும் இருக்கின்றன. இது ஆஸ்பத்திரிக் கேஸ். 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முன்பு ஒருக்கால் வலிப்பு வந்தவரையோ முன்பு இப்படிப் பிதற்றியவரையோ வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது.

ஆகவே மாதத்தில் ஒரு நாள், குடியை நிறுத்த வார்ட்டில் அனுமதிக்கப்பட்டவர்களின் பெட் ஹெட் டிக்கெட் (கட்டிலோடு இருக்கிற நோயாளிக் குறிப்பு) பத்தை எடுத்து வைத்துக்கொண்டு சில கேள்விக்கு மட்டும் சரி, பிழை போடுங்கள். கடைசியாகக் குடித்த நேரம் எழுதியிருக்கிறதா? முந்திய வலிப்பைப் பற்றிக் கேட்டார்களா? சேலைனில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (விற்றமின் B1) கொடுத்தார்களா? நடுக்கத்தையும் பதற்றத்தையும் புள்ளி போட்டு, சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்களா? இதற்கு சீவா என்று பத்து அம்சம் கொண்ட அளவுகோல் இருக்கிறது, உச்சப் புள்ளி 67. வீட்டுக்கு விடும்போது அடுத்த சந்திப்புக்குத் திகதி கையில் கொடுத்தார்களா? பத்தில் ஆறு டிக்கெட்டில் தயமின் காணவில்லை என்று தெரிந்தால் யாரையும் கூப்பிட்டு ஏசத் தேவையில்லை, வார்ட்டில் அந்த மருந்து இருப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

ஹெரோயின் பாவித்தவருக்கு வேறு ஆபத்து. சில கிழமை விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்தோ நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு கிழமை மிகவும் ஆபத்தானது. இதை அவருக்கும் வீட்டாருக்கும் சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. நரம்பு நோவுக்குக் கொடுக்கிற பிரகபலின் குளிசையை அதிக அளவில் போட்டவர் சடாரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், குறைப்பது டொக்டர் சொல்லும் அட்டவணைப்படிதான்.

ஒரு நாள் நோயாளியாகப் போய்ப் பாருங்கள்

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய நயாட்டெக்ஸ் என்ற திட்டம் போதைச் சிகிச்சை நிலையங்களுக்கு நாலே நாலு இலக்கு வைத்தது: காத்திருப்பைக் குறை, வராமல் விடுவதைக் குறை, சேர்பவரைக் கூட்டு, தொடர்ந்து வருபவரைக் கூட்டு. அதற்கு அவர்கள் முதலில் செய்யச் சொன்ன வேலை, நிலையத்தை நடத்துகிறவரே நோயாளி போல வாசலால் வந்து பார்ப்பது.

வன்னியில் அதை வீட்டுப் படலையிலிருந்தே தொடங்க வேண்டும். மல்லாவிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கு வரும் ஒருவரின் நாளை அப்படியே செய்து, ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறியுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது வராவிட்டால் அடுத்தது எப்போது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி "எங்கை போறீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது. துண்டு எடுக்கும் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி நிற்கிறாளா. உட்காரும் வாங்கு எந்தப் பலகைக்குக் கீழே இருக்கிறது, அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது. உள்ளே கூப்பிடும்போது முழுப் பெயரையும் சத்தமாக வாசிக்கிறார்களா. எத்தனை நிமிடம் கதைத்தார்கள். மருந்து எடுத்து வெளியே வர எத்தனை மணி, திரும்பிப் போகப் பஸ் இருக்கிறதா. நாட்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விட்டது, பஸ் காசும் போய்விட்டது, கிடைத்தது நாலு நிமிடம் என்றால் அடுத்த மாதம் அவர் வராததற்கு 'ஊக்கம் இல்லை' என்று கொப்பியில் எழுத எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

பெண்களுக்கு இது இன்னும் கடினம். குடிக்கும் பெண், குளிசை போடும் பெண் என்று யாரும் இல்லாதது போல எல்லாக் கிளினிக்கும் ஆண்களுக்கென்றே அமைந்திருக்கிறது. உங்கள் கொப்பியில் ஆறு மாதமாக ஒரு பெண்ணும் இல்லையென்றால் ஊரில் இல்லை என்று எடுக்காதீர்கள். அவர் வரக்கூடிய வாசல் உங்களிடம் இல்லை என்று எடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

கண்டுபிடித்த குறை பத்து இருக்கும். ஒன்றை எடுங்கள். முந்திய நாள் மாலை போன் எடுத்து நாளைக்கு வாங்கோ என்று ஞாபகப்படுத்துவது, பெயருக்குப் பதிலாக இலக்கத்தைக் கூப்பிடுவது, தூரத்துக்காரரை முதலில் பார்த்து அனுப்புவது, ஏதோ ஒன்று. இரண்டு கிளினிக் நாளுக்கு மட்டும் செய்து பாருங்கள், எண்ணைப் பாருங்கள், சரிவந்தால் தொடருங்கள், சரிவராவிட்டால் விட்டுவிட்டு வேறொன்று. இதற்குக் கடிதம், அனுமதி, கூட்டம் என்று போனால் சிறுபோகம் முடிந்துவிடும்.

ஆட்தொகை குறைவு என்பதால் சதவீதத்தை நம்பாதீர்கள். மாதம் எட்டுப் பேர் வரும் இடத்தில் ஒரு ஆள் கூடினால் குறைந்தால் 12.5 சதவீதம் ஆடும். சதுரக் கோடு போட்ட தாளில் மாதா மாதம் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளின் நடு மதிப்பில் (பாதிப் புள்ளி மேலே, பாதி கீழே வரத்தக்கதாக) ஒரு கோடு இழுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் நின்றால் ஏதோ உண்மையாக மாறியிருக்கிறது. ஐந்து புள்ளி தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ அதுவும் அப்படித்தான். ஒரு மாதம் எகிறியதற்குக் கேக் வெட்ட வேண்டாம், ஒரு மாதம் விழுந்ததற்கு ஒருவரையும் பிடிக்க வேண்டாம்.

அந்தத் தாளின் அடியில் ஊர்க் காலத்தையும் குறியுங்கள். காலபோக வெட்டு நேரம் கையில் காசு புழங்கும், வேலையும் இருக்கும், கிளினிக்குக்கு வருவோர் குறைவார்கள், குடி கூடும். அதை முந்திய மாதத்தோடு ஒப்பிட்டால் பிழையான முடிவுக்குத்தான் வருவீர்கள். போன வருட வெட்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

வீட்டார் கேட்க வேண்டியவை

2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டப்படி போதைப்பொருளில் தங்கியிருப்பவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது, அதனால் "எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டால் சரி" என்ற மனநிலை வீடுகளில் உண்டு. களைத்துப்போன தாயை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2012-இல் ஐ.நா. அமைப்புகள் 12 சேர்ந்து கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடச் சொல்லி அறிக்கை விட்டன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றம் அனுப்பியவர்களைப் பதிவேட்டில் தனிக் குறியோடு வைக்கச் சொல்வதும் இதனால்தான், பூட்டிய கதவுக்குள் 90 நாள் இருந்தவரை 'தொடர்ந்து வந்தவர்' என்று எண்ணக்கூடாது.

ஒரு இடத்துக்குக் காசு கட்டுமுன் நேரே போய்க் கேளுங்கள். இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது, டொக்டர் எந்த நாளில் வருவார்? அடிப்பது, கட்டிவைப்பது உண்டா? நாங்கள் நினைத்த நேரம் வந்து பார்க்கலாமா? ஏற்கெனவே போடும் மனநலக் குளிசையை நிறுத்துவீர்களா? தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையில் பதிவு இருக்கிறதா? வெளியே விட்ட பிறகு மூன்று மாதம் யார் தொடர்புகொள்வது? "இங்கை வந்த எல்லாரும் விட்டிட்டினம்" என்று யாராவது சொன்னால் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை இப்போது உங்களால் போனில் பிடிக்க முடியும் என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலையும் முகத்தையும் வைத்தே முடிவெடுக்கலாம்.

வராதவருக்கு எடுக்கிற போன்

திகதிக்கு வராதவருக்கு மூன்று நாளுக்குள் எடுங்கள். "ஏன் வரேல்லை?" என்று தொடங்க வேண்டாம், அது பள்ளிக்கூட அதிபரின் குரல். "அண்ணை, செவ்வாய்க்கிழமை உங்களைக் காணேல்லை, சுகமோ என்று கேப்பம் என்டு எடுத்தனான்" என்றால் போதும். திரும்பக் குடித்துவிட்டேன் என்று வெட்கப்படுகிறவரிடம், அப்படி நடந்தால்தான் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லுங்கள். மற்றவர்களின் பெயர் தெரியும் வட்ஸப் குழுவில் இதையெல்லாம் போடாதீர்கள். பதிவேடு பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும், யார் வந்து கேட்டால் யார் காட்டலாம் என்று முன்கூட்டியே பொறுப்பதிகாரியோடு எழுத்தில் முடிவெடுத்து வையுங்கள்.

போனில் கிடைத்த காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: பஸ் காசு, வேலை, வெட்கம், மருந்து ஒத்துவரவில்லை, எங்களோடு கோபம், திரும்பப் பாவிக்கிறார், ஊர் மாறிவிட்டார், பிடிபட்டுவிட்டார். மூன்று மாதத்தில் எந்தச் சொல் கூடுதலாக இருக்கிறதோ அதுதான் அடுத்த மாற்றம். இரண்டு எண்ணும் வேலை செய்யாவிட்டால், ஆள் முதல் நாளே சம்மதம் தந்திருந்தால், சமூக உளநலத் தாதி அந்தப் பக்கம் போகும்போது விசாரிக்கட்டும். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், எப்படி என்பதையும், அந்த வரியை வெட்டாதீர்கள், 20 என்றால் அவரும் சேர்ந்த 20.

எட்டு மாதம் கழித்து ஒருவர் திரும்பி வந்தால் புது வரி போடாமல் அவருடைய பழைய இலக்கத்தையே தேடி எடுத்து அதில் தொடருங்கள். புது ஆள் என்று எழுதினால் உங்கள் சேர்க்கை எண்ணிக்கை கூடும், பழைய இலக்கத்தில் எழுதினால் அவர் திரும்பி வந்தார் என்பது தெரியும்.